மால்டன் மில்ஸ்: தீக்குப் பிறகு கொடுத்த சம்பளமும் ஆறு வருடம் கழித்து வந்த திவாலும்

யூத நெறியை வியாபாரத்தில் கடைப்பிடிப்பது பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் ஆரன் ஃபாயர்ஸ்டைன் பெயர் வந்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலையை நடத்தியவர். 1995 டிசம்பரில் ஆலை எரிந்தது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களுக்கு அவர் மூன்று மாதம் சம்பளம் கொடுத்தார். 2001 நவம்பரில் அதே நிறுவனம் திவால் மனுவோடு நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த இரண்டு சம்பவத்தையும் சேர்த்து வைத்து இரண்டு விதமாகக் கதை சொல்வார்கள். பிரசங்கம் செய்பவர்களுக்கு அவர் மகான்: தர்மத்துக்காகச் சொத்தையே இழந்தவர். நிர்வாகப் பாடம் நடத்துபவர்களில் பலருக்கு அவர் நல்ல மனசுக்காரர், ஆனால் கணக்குத் தெரியாதவர். இரண்டு கதைக்கும் அடியில் ஒரே அனுமானம்தான் இருக்கிறது: சம்பளம் கொடுத்ததால் ஆலை போனது. வரவு செலவைப் பிரித்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. யூத நூல்களை வைத்துப் பார்த்தாலும் அந்தச் சம்பளமும் அதற்குப் பிறகு எடுத்த முடிவுகளும் ஒரே கணக்கில் வராது.

முதலில் ஆலையைப் பற்றி. ஃபாயர்ஸ்டைனின் தாத்தா ஹென்றி ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதர். 1906-இல் மால்டன் என்ற ஊரில் தொடங்கியதால் மால்டன் மில்ஸ் என்று பெயர். 1950களில் நியூ இங்கிலாந்து துணி ஆலைகள் ஒவ்வொன்றாக, கூலி மலிவான தென் மாநிலங்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், இந்தக் குடும்பம் அதே மாநிலத்துக்குள்ளேயே லாரன்ஸ், மெத்யூன் நகரங்களின் எல்லைக்கு ஆலையை மாற்றியது. லாரன்ஸ் ஆலைகளுக்காகவே மெர்ரிமாக் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட நகரம். 1912-இல் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகச் சட்டம் குறைத்தபோது முதலாளிகள் அதற்கேற்பக் கூலியையும் குறைத்தார்கள். அதனால் வெடித்த வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். 1990களில் அங்கே பெரிய ஆலைகள் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. மாநிலத்தின் ஏழை நகரங்களில் ஒன்று. போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. மால்டன் மில்ஸில் சுமார் 3,000 பேர் வேலை பார்த்தார்கள். தொழிற்சங்கம் இருந்தது. கூலியும் துணித்தொழிலின் சராசரியை விட அதிகம்.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2001-இல் வந்தது இந்த நிறுவனத்தின் முதல் திவால் இல்லை. செயற்கை ரோமத் துணியில் பெரிய முதலீடு செய்து, அந்த ஃபேஷன் செத்துப்போய், 1981-இலேயே ஒரு முறை திவால் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்து தூக்கிவிட்டது ஒரு புதுத் துணி. பாலியஸ்டர் பின்னலாடைத் துணியின் மேற்பரப்பை உரசி எழுப்பி, சமமாகக் கத்தரித்து, கம்பளி மாதிரி கதகதப்பாகவும் எடை குறைவாகவும் ஆக்கிய ஃப்ளீஸ். பட்டகோனியா என்ற மலையேற்ற உடை நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பிற்பாடு போலார்டெக் என்ற பெயரில் மலையேறுபவர்களின் ஜாக்கெட்டிலிருந்து ராணுவ உடை வரை போனது. ஆலையைக் காப்பாற்றியது ஆராய்ச்சிப் பிரிவின் மூளையும் தறிக்காரர்களின் கையும்தான் என்பது ஃபாயர்ஸ்டைன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தொழிலாளி செலவுக் கணக்கில் வருபவர் இல்லை, சொத்துக் கணக்கில் வருபவர் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பின்னால் வேதம் மட்டுமல்ல, இந்த அனுபவமும் இருக்கிறது.

1995 டிசம்பர் 11 அவருடைய 70-ஆவது பிறந்தநாள். குடும்பத்தார் விருந்து வைத்திருந்தார்கள். அன்று இரவு எட்டு மணி வாக்கில் ஆலையில் வெடித்தது. நைலானை மிகப் பொடியான இழைகளாக வெட்டி, மின்னூட்டத்தின் உதவியால் துணி மேல் செங்குத்தாக ஒட்டவைக்கும் பகுதி அது. சோஃபா துணிக்கான வெல்வெட் அங்கேதான் தயாரானது. காற்றில் மிதக்கும் அந்த நைலான் துகள் எவ்வளவு ஆபத்தானது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பலத்த காற்றும் கடுங்குளிரும் சேர்ந்த இரவு. தீ கட்டடம் விட்டுக் கட்டடம் தாவியது. மூன்று பெரிய கட்டடங்கள் போய்விட்டன. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், சிலருக்கு மோசமான தீக்காயம். உயிரிழப்பு இல்லை. போலார்டெக்குக்கு இறுதி வேலைகள் செய்யும் கட்டடம் ஒன்று தப்பியது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இது முக்கியம்.

வயது 70. காப்பீட்டுப் பணம் வரப்போகிறது. வாங்கிக்கொண்டு ஓய்வெடுக்கலாம். தொழில் விட மனமில்லை என்றால் தெற்கிலோ வெளிநாட்டிலோ மலிவாகத் திரும்ப ஆரம்பிக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூன்றாம் நாள் லாரன்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தொழிலாளர்களைக் கூட்டினார். கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்த கிழவரைப் பார்த்து, ஆலை மூடப்படும் என்ற செய்திக்குத்தான் பலர் தயாராக இருந்தார்கள். அடுத்த 30 நாளுக்கு எல்லாருக்கும் முழுச் சம்பளம் என்றார். மருத்துவக் காப்பீடு 90 நாளுக்குத் தொடரும். கிறிஸ்துமஸ் போனஸ் 275 டாலர் உண்டு. ஜனவரி தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை தொடங்கும். 30 நாள் முடிந்ததும் இன்னொரு 30 நாள் என்றார். அப்புறம் இன்னொரு 30.

அமெரிக்க ஊடகங்கள் இதை ஏன் அப்படிக் கொண்டாடின என்பதற்குக் காலச்சூழல் தெரிய வேண்டும். ஸ்காட் பேப்பர் நிறுவனத்தில் 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பிய அல் டன்லப் அப்போது பங்குச்சந்தையின் நாயகன். 1996 ஜனவரியில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 40,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த வாரங்களில் எதிர்த்திசையில் நடந்த ஒரு முதலாளி கிடைத்தால் விடுவார்களா? அதிபர் கிளின்டன் தன் நாடாளுமன்ற உரைக்கு அவரை விருந்தினராக அழைத்து உட்கார வைத்தார்.

அவரிடம் காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன வரிகளில் முதன்மையானது பழங்கால யூத மதகுருவான ரப்பி ஹிலேலுடையது. மனிதர்களாக நடப்பவர் இல்லாத இடத்தில் நீ மனிதனாக இருக்க முயற்சி செய் என்பது அதன் கருத்து. ஞானி தன் ஞானத்தையும் பணக்காரன் தன் செல்வத்தையும் பற்றிப் பெருமை பேச வேண்டாம் என்ற எரேமியாவின் வசனத்தையும் சொல்வார். அவர் 1947-இல் நியூயார்க்கில் யெஷிவா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர், ஆச்சாரமான யூதர். அப்பா சாமுவேல், அமெரிக்காவில் யூத மதக்கல்விப் பள்ளிகளை வளர்த்த தோரா உமெசோரா அமைப்பின் தலைவராக இருந்தவர். ஆக, வசனங்கள் பத்திரிகைக்காரர்களுக்காகத் தேடி எடுத்தவை இல்லை.

சரி, அந்த நூல்கள் இந்த மாதிரிச் சூழலில் உண்மையிலேயே என்ன சொல்கின்றன? பலர் இங்கே வேதத்தின் உபாகமம் என்ற நூலில் 24-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். கூலியாளை ஒடுக்காதே, பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்ற கட்டளை. அதை விளக்கும் தல்மூத், அதாவது ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பு, ஒரு கேள்வி கேட்கிறது: இவன் ஏன் ஏணியில் ஏறினான், ஏன் மரத்தில் தொங்கினான், ஏன் உயிரைப் பணயம் வைத்தான்? இந்தக் கூலிக்காகத்தானே? அருமையான பகுதி. ஆனால் ஃபாயர்ஸ்டைன் விஷயத்துக்கு இது நேரடியாகப் பொருந்தாது. செய்த வேலைக்கான கூலியைத் தாமதிக்காதே என்பது கட்டளை. தீக்குப் பிறகு யாரும் வேலை செய்யவில்லை. முதலாளி மேல் தவறில்லாத எதிர்பாராத விபத்தால் வேலை நின்றால், நட்டம் பொதுவாகக் கூலியாளுடையது என்றே தல்மூத்தின் சட்டப்பகுதி சொல்கிறது. சட்டப்படி அவர் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பொருந்தும் இடம் வேறு. பாபா மெட்சியா என்ற தல்மூத் நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரப்பா பார் பார் ஹனா என்ற அறிஞரின் திராட்சை மதுப் பீப்பாயைச் சுமைகூலிகள் உடைத்துவிட்டார்கள். நட்டத்துக்கு ஈடாக அவர்களுடைய மேலங்கிகளை எடுத்து வைத்துக்கொண்டார். அவர்கள் ராவ் என்ற பெரிய ரப்பியிடம் போய் முறையிட்டார்கள். அங்கிகளைக் கொடுத்துவிடு என்றார் ராவ். சட்டம் அப்படியா என்று கேட்டார் இவர். ஆமாம், நல்லவர்கள் வழியில் நட என்று நீதிமொழிகள் சொல்கிறதே என்றார் அவர். அங்கி திரும்பி வந்தது. கூலிகள் அதோடு விடவில்லை. நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். போய்க் கூலியையும் கொடு என்றார் ராவ். இதுவும் சட்டமா? ஆமாம், நீதிமான்களின் பாதையைக் காத்துக்கொள் என்று அதே வசனம் முடிகிறது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம், யாரிடம் இப்படிச் சொல்லப்பட்டது என்பதுதான். எதிரே நின்றவர் ஓர் அறிஞர். வேதம் படித்தவர், வசதி உள்ளவர், ஊரார் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடத்தில் இருப்பவர். சட்டத்தின் கோட்டோடு நிற்கும் உரிமை சந்தைக்கு வரும் எல்லாருக்கும் உண்டு, உனக்கு அந்தக் கோடு போதாது என்கிறார் ராவ். ஃபாயர்ஸ்டைன் ஊரறிந்த ஆச்சார யூதர். அவர் நடப்பதை வைத்துத்தான் அந்த ஊர் யூதர்களை எடைபோடும். யூத மரபில் இறைவன் பெயருக்குப் பெருமை சேர்ப்பது, களங்கம் சேர்ப்பது என்று ஒரு கணக்கு உண்டு, அது ஜெபக்கூடத்தை விடக் கடைத்தெருவில்தான் அதிகம் தீர்மானமாகிறது. மனிதன் இறந்தபின் தீர்ப்பின்போது முதலில் கேட்கப்படும் கேள்வியே, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா என்பதுதான் என்று தல்மூத்தில் இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சம்பளம், சலுகைகள் எல்லாம் சேர்த்து அவருக்குச் சுமார் 2.5 கோடி டாலர் ஆனது என்று அப்போதே செய்தி வந்தது. பெரிய தொகைதான். அதற்கு என்ன கிடைத்தது? கைதேர்ந்தவர்கள் வேறு வேலை தேடிச் சிதறவில்லை. தப்பிய கட்டடத்தில் சில வாரங்களில் வேலை ஆரம்பித்தது. தீக்கு முன் வாரத்துக்கு 1,30,000 கெஜம் தந்த ஆலை, சில வாரங்களில் 2,30,000 கெஜம் தந்தது என்று ஃபாயர்ஸ்டைன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். போலார்டெக் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களும் காத்திருந்தன. தர்மத்தை விட்டுவிட்டு வெறும் வியாபாரியாகப் பார்த்தாலும், பயிற்சி பெற்ற ஆட்களைக் கையில் வைத்துக்கொள்ள மூன்று மாதச் சம்பளம் ஒன்றும் பைத்தியக்காரச் செலவு இல்லை.

அடுத்த முடிவுதான் பெரியது. அதே இடத்தில், முன்பை விட நவீனமாக, முழு ஆலையையும் திரும்பக் கட்டுவது என்று தீர்மானித்தார். 1997-இல் புது ஆலை திறந்தது. அமெரிக்காவில் துணி ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கட்டடம் அதிசயமாகப் பார்க்கப்பட்டது. செலவு 40 கோடி டாலரைத் தாண்டியது. காப்பீட்டில் வந்தது சுமார் 30 கோடி. மீதி கடன். அதாவது காப்பீடு மூடாத ஓட்டை மட்டுமே, தொழிலாளர்களுக்குக் கொடுத்த மூன்று மாதச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு.

வியாபாரம் காத்திருக்கவில்லை. சோஃபா துணி வாங்கியவர்கள் தீக்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், திரும்பி வரவில்லை. 1998-இல் அந்தப் பிரிவையே மூடினார்கள், அங்கே ஆட்குறைப்பும் நடந்தது. ஃப்ளீஸிலோ மலிவான போட்டித் துணிகள் குவிந்தன. முதல் ஃப்ளீஸுக்குக் காப்புரிமை எடுக்காமல் விட்டிருந்ததால் யார் வேண்டுமானாலும் அந்த மாதிரி செய்யலாம் என்ற நிலை. குளிர் குறைந்த வருடங்களில் ஜாக்கெட் விற்பனையும் படுத்தது. 2001 நவம்பரில் சாப்டர் 11, அதாவது கடனைச் சீரமைத்துக்கொண்டு தொழிலைத் தொடர வழிசெய்யும் திவால் மனு, போட்டபோது கடன் சுமார் 14 கோடி டாலர்.

2003-இல் நிறுவனம் அதிலிருந்து வெளியே வந்தது, ஆனால் கட்டுப்பாடு ஜிஇ கேப்பிடல் தலைமையில் கடன் கொடுத்திருந்தவர்களிடம். ஃபாயர்ஸ்டைன் பணம் திரட்டித் திரும்ப வாங்கப் பார்த்தார். கடன் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2004-இல் தலைமைப் பொறுப்பையும் விட்டார். 2007-இல் மறுபடியும் திவால். இந்த முறை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிப் போலார்டெக் என்று பெயர் மாற்றியது. தொழிலாளர் ஓய்வூதியப் பொறுப்பு அரசின் ஓய்வூதியக் காப்பீட்டுக் கழகத்தின் தலையில் விழுந்தது. 2015 இறுதியில் லாரன்ஸ் உற்பத்தியை மூடப்போவதாக அறிவித்தார்கள், வேலை டென்னசிக்குப் போனது. 2019-இல் போலார்டெக்கை மில்லிகன் என்ற துணி நிறுவனம் வாங்கியது.

இதே யூத நூல்கள் இரண்டாவது முடிவை, கடன் வாங்கி ஆலையைத் திரும்பக் கட்டியதை, பற்றி என்ன சொல்லும்? பிரசங்கங்களில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. தர்மம் எவ்வளவு என்பதற்கு அந்த மரபில் மேல் எல்லை உண்டு. உஷா என்ற ஊரில் கூடிய ரப்பிகள், வாரி வழங்குபவன் சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். கொடுத்துக் கொடுத்து நாளை அவனே கையேந்தும் நிலை வரக்கூடாது என்பது காரணம். பாலைவனத்தில் இருவர், ஒருவர் கையில் மட்டும் ஒரு குடுவைத் தண்ணீர் என்ற விவாதமும் உண்டு. இருவரும் குடித்தால் இருவரும் சாவார்கள், ஒருவர் குடித்தால் அவர் ஊர் போய்ச் சேரலாம். இருவரும் குடித்துச் சாகட்டும், ஒருவர் மற்றவர் சாவைப் பார்க்க வேண்டாம் என்றார் பென் பெட்டூரா. உன் உயிருக்கே முதலிடம் என்றார் ரப்பி அகிவா. மரபு அகிவாவின் பக்கம் நின்றது.

இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் தர்மத்தை எட்டுப் படியாக அடுக்கியபோது உச்சியில் வைத்தது, ஒருவன் யாரிடமும் கையேந்தாதபடி அவனுக்கு வேலையோ கடனோ கூட்டோ தருவதை. இதைக் காட்டி, ஆலையைத் திரும்பக் கட்டியதுதான் உச்சப் படி என்று வாதிடலாம், பலர் வாதிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தடங்கல். சம்பளம் கொடுத்தபோது ஆலை அவருடையது. குடும்பச் சொத்து. கேட்க வெளியாள் யாரும் இல்லை. பத்துக் கோடியைக் கடன் வாங்கிக் கட்டும்போது அதில் பாதி முடிவு வங்கியுடையது ஆகிவிடுகிறது. நெறி தவறாத முதலாளியின் ஆலை, அடுத்த தவணை தவறினால் அந்த நெறியோடு சம்பந்தமே இல்லாதவர் கைக்குப் போகும். நடந்ததும் அதுதான். லாரன்ஸை விட்டுப் போக மாட்டேன் என்று அவர் சொன்ன வார்த்தையை, அவருக்குப் பின் வந்த உரிமையாளர்கள் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றும் விடுபட்டுப் போகிறது. காயமடைந்த அந்த முப்பதுக்கும் மேற்பட்டோர். சம்பளக் கதையின் வெளிச்சத்தில் அவர்கள் மங்கிவிடுகிறார்கள். சம்பளக் கட்டளைக்கு இரண்டே அதிகாரம் முன்னால், உபாகமம் 22-இல், புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாரும் விழுந்து அந்த ரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரக்கூடாது என்ற கட்டளை இருக்கிறது. பணியிடப் பாதுகாப்புக்கு யூதச் சட்ட அறிஞர்கள் இதிலிருந்துதான் தொடங்குவார்கள். எளிதில் தீப்பிடிக்கும் துகள் மிதக்கும் ஒரு கூடத்தை நடத்தும் ஆலைக்கு, தீக்குப் பிந்தைய பெருந்தன்மையை விட தீக்கு முந்தைய கைப்பிடிச் சுவர்தான் முதல் கடமை. ஃபாயர்ஸ்டைன் அதில் அலட்சியம் காட்டினார் என்று நான் சொல்லவில்லை, தீயை அதிகாரிகள் விபத்தாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த நிகழ்வை நெறிப் பாடமாக எடுப்பவர்கள் 24-ஐ வாசித்துவிட்டு 22-ஐத் திறக்காமல் போவது நியாயமாகப் படவில்லை.

இதை இன்று ஒரு நிறுவனத்தில் பயன்படுத்த நினைப்பவர் கவனிக்க வேண்டியது, அவர் சம்பளம் அறிவித்த முறையை. மூன்று மாதம் என்று முதல் நாளே அவர் சொல்லவில்லை. 30 நாள் என்றார். காப்பீடு எந்த நிலையில் இருக்கிறது, எந்த எந்திரம் ஓடுகிறது, யாரைத் திரும்ப அழைக்க முடிகிறது என்று பார்த்து அடுத்த 30 நாள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தும் உரிமை அவரிடம் இருந்தது. மூன்றாவது மாத முடிவில் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். மீதிப் பேருக்கு அதோடு சம்பளம் நின்றது, மருத்துவக் காப்பீடு நீடித்தது, திரும்ப அழைப்போம் என்ற உறுதி இருந்தது. இதில் உணர்ச்சி வேகம் எதையும் நான் காணவில்லை. நல்ல முதலாளியின் நிதானம்தான் தெரிகிறது. ஆலை கட்டும்போது இதே நிதானத்தோடு முதலில் போலார்டெக் பகுதியைக் கட்டி, சோஃபா துணிக்கு வாங்குபவர்கள் திரும்பி வருகிறார்களா என்று ஒரு வருடம் பார்த்திருந்தால் கடன் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2003-இல் தொலைக்காட்சியில் அவரிடம் திரும்பவும் அப்படிச் செய்வீர்களா என்று கேட்டார்கள். செய்வேன், அதுதான் சரி என்றார். 2021 நவம்பரில் தனது 95-ஆவது வயதில் இறந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சம்பளத்தை மனதில் வைத்துத்தான் கேட்டார்கள். கடன் வாங்கி முழு ஆலையையும் திரும்பக் கட்டுவீர்களா என்று தனியாகக் கேட்டிருக்கலாம்.